கோடு போட்ட பட்டியல்

ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்பவர்கள் பெரும்பாலும் முதலில் திறந்து பார்ப்பது, அதனுடனேயே வரும் 'ஆட்டோ' தரவுத்தொகுப்பைத்தான். 1978ஆம் ஆண்டின் 74 கார்கள். விலை, மைலேஜ், பழுதுப் பதிவு, தலைக்கு மேலுள்ள இடைவெளி, டிக்கியின் கொள்ளளவு, எடை என்று காருக்கு 12 விவரங்கள். ஒவ்வொரு விவரமும் ஒரு மாறி.

விலை முதல் டிக்கி வரையிலான ஐந்து மாறிகளையும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. 'பிரைஸ்-டிரங்க்' என்று நடுவில் ஒரு கோடு போட்டால் போதும். இடையில் உள்ளவற்றை மென்பொருளே சேர்த்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான கேள்விகள் கொண்ட கருத்துக்கணிப்புகளில் இது பெரிய வசதி.

இப்போது இந்த ஐந்தில் ஒவ்வொன்றும் காரின் எடையோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து தனித்தனி ரிக்ரெஷன்கள். அதற்காக 'ஃபார்ஈச்' லூப்பில் 'இன்' என்று போட்டு அந்தக் கோட்டுப் பட்டியலை அப்படியே கொடுத்தால், ஸ்டேட்டா அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். அதற்கு அது ஒரே சொல். லூப் ஒரே ஒரு சுற்றுதான் ஓடும். ரிக்ரெஷன் கட்டளைக்குள் போன பிறகே கோடு விரியும். முதலில் நிற்கும் விலை விளைவாகவும், மற்ற நான்கும் எடையோடு சேர்ந்து காரணிகளாகவும் மாறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அழகான அட்டவணை ஒன்று வரும், கேட்காத கேள்விக்கான பதிலோடு. ஐந்து கார்களுக்குப் பழுதுப் பதிவு இல்லாததால், அதில் 74க்குப் பதில் 69 கார்கள்தான் இருக்கும். நின்று போகிற புரோகிராமைவிட இப்படி ஓடி முடிகிற புரோகிராம்தான் ஆபத்தானது.

இதைத் தவிர்க்க மேக்ரோ உதவும். மேக்ரோ என்பது ஒரு பெயருக்குள் வைத்த எழுத்துத் துண்டு. கட்டளை ஓடுமுன் பெயர் இருந்த இடத்தில் அந்த எழுத்து வந்து உட்காரும். அதனால் பட்டியலை முதலில் 'அன்ஆப்' கட்டளையால் விரித்துவிட வேண்டும். பிறகு 'டோக்கனைஸ்' அதை இடைவெளி பார்த்து வெட்டி, 1, 2, 3 என்ற பெயருள்ள மேக்ரோக்களில் ஒவ்வொன்றாகப் போடும். லூப் மட்டும் போதுமென்றால் 'இன்' என்பதற்குப் பதில் 'ஆஃப் வார்லிஸ்ட்' என்று எழுதினாலே விரிந்துவிடும்.

சாஸ் என்ற மற்றொரு புள்ளியியல் மென்பொருளில், இப்படி எண்ணிட்ட மேக்ரோவிலிருந்து பெயரை எடுப்பதை &&மாறி&எண் என்ற வடிவில் எழுதுவார்கள். எண் 3 என்றால், முதல் சுற்றில் && ஒற்றை & ஆகி, &மாறி3 என்று நிற்கும்; அடுத்த சுற்றில் அதற்குள் இருக்கும் பெயர் வெளிவரும்.

ஸ்டேட்டாவின் கோடு, தரவுத்தொகுப்பில் மாறிகள் நிற்கும் வரிசையைத்தான் பார்க்கிறது. யாராவது எடையை டிக்கிக்கு முன்னால் நகர்த்தியிருந்தால் ஐந்து ஆறாகிவிடும். விரித்த பட்டியலைத் திரையில் காட்டச் சொல்லி எண்ணிப் பார்க்க ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். அதை லூப்புக்கு முன்பே எழுதிவிட வேண்டும்.