சக்கரம் நடுங்கினால் தவணையும் நடுங்கும்



நம் குழுக்களில் பலர் கடன் வாங்கி சின்ன லோடு வண்டி, வாடகைக் கார் வைத்திருக்கிறோம். ஓட்டுவது வீட்டுக்காரரோ மகனோ, தவணைக்குப் பதில் சொல்வது நாம்தான். அதனால் வண்டியைப் பற்றி நாலு விஷயம் நமக்கும் தெரிஞ்சிருக்கணும்.

எங்கள் கோட்டுச்சேரி குழுவில் ஒரு அக்கா வீட்டு வண்டி விடியற்காலையில் மீன் ஏற்றி காரைக்கால் போகும். அறுப்பு சமயத்தில் வயலுக்குள்ளும் இறங்கும். ஒருநாள் மகன், "ஐம்பதைத் தாண்டினா ஸ்டியரிங் நடுங்குதும்மா" என்றான். "ரோடு அப்படிடா" என்று அக்கா விட்டுவிட்டார். சில மாதத்தில் முன் டயர் அங்கங்கே திட்டுத் திட்டாய்த் தேய்ந்து போச்சு. புது டயர் வாங்கியதில் அந்த மாதத் தவணை நின்றது. குழுவில் கூடிப் பேசித்தான் சமாளித்தோம்.

ஏன் நடுங்குகிறது?

வீட்டு மின்விசிறியில் ஒரு இறக்கை வளைந்தால் விசிறியே ஆடும் இல்லையா? சக்கரமும் அப்படித்தான். ரிம், டயர் இரண்டும் சுற்றிலும் ஒரே எடையாக இருக்காது. ஒரு பக்கம் கொஞ்சம் கனத்தால் சுற்றும்போது அந்தப் பக்கம் வெளியே இழுக்கும்.

12 அங்குல ரிம்மில் 20 கிராம் கூடுதல் என்று வைப்போம். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு கிலோவுக்கு மேல் பலத்தோடு இழுக்கும், அதுவும் நொடிக்குப் பத்து முறை! வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. அதனால்தான் ஊருக்குள் தெரியாத நடுக்கம், நாகூர் ரோட்டில் போகும்போது தெரிகிறது. டயர் மட்டுமல்ல, பேரிங்கும் சீக்கிரம் கெடும்.

முதலில் சேற்றைக் கழுவுங்கள்

நம்ம டெல்டா களிமண் ரிம்மின் உள்பக்கம் அப்பிக் காய்ந்தால், அதுவே நடுக்கத்துக்குப் போதும். வயலுக்குப் போய் வந்த அன்றே உள்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கடற்கரை உப்புக்காற்றில் ரிம் துருப்பிடிக்காமல் இருக்கவும் இது உதவும்.

பேலன்சிங் எப்படிச் செய்கிறார்கள்?

கழுவியும் நடுங்கினால் டயர் கடைக்குப் போகவேண்டும். சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுற்றுவார்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் எங்கே எத்தனை கிராம் வைக்கணும் என்று மெஷின் காட்டும். அந்த இடத்தில் ரிம்மில் சின்ன எடைக்கட்டி பொருத்துவார்கள். பிறகு மறுபடி சுற்றிப் பார்க்கணும். இரண்டு பக்கமும் சைபர் காட்டினால்தான் வேலை முடிந்தது. "சைபர் வந்துடுச்சா, காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

கழன்று விழும் பழைய கட்டி ஈயமாக இருக்கலாம். ஈயம் விஷம். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

எப்போது செய்யணும்?

* புது டயர் போடும்போது
* பஞ்சருக்காக ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டினால்
* பெரிய பள்ளத்தில் அடி வாங்கினால்
* குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங்கோ சீட்டோ நடுங்கினால்

அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு. நேர் ரோட்டில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, டயர் ஒரே ஓரமாகத் தேய்ந்தாலோ அலைன்மென்ட் பார்க்கணும். காற்றழுத்தத்தையும் வண்டி ஓடுவதற்கு முன், சூடாகாத நேரத்தில் பாருங்கள். எல்லாம் செய்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் ரிம் வளைந்திருக்கலாம், டயர் புடைத்திருக்கலாம். அதோடு ஓட்டாதீர்கள். வண்டியில் போவது நம்ம பிள்ளைகள்.

பேலன்சிங் செலவு, புது டயர் விலையில் ரொம்பச் சின்னப் பங்குதான். அந்த அக்கா இப்போது மாதம் ஒருமுறை நாலு டயரையும் கையால் தடவிப் பார்க்கிறார். மேடு பள்ளம் தட்டினால் வண்டியை உடனே கடைக்கு அனுப்புகிறார். வண்டி வைத்திருக்கும் நாமும் இன்று சாயங்காலமே நம் டயரைத் தடவிப் பார்ப்போமா?