கண் திறந்தது... மானம் போனது!

“என்னடா மாப்ளே, லீவா... இல்ல, விரட்டிட்டாங்களா?”

ஆயக்குடி கொய்யா மார்க்கெட்டில் கூடைகளுக்கு நடுவே நின்றபடி மாமா கேட்டார். சரியான இடத்தில் குத்திவிட்டார் மனுஷன்!

பெங்களூரில் எனக்கு வேலை. ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்கு ஒரே ஜோடித் தடத்தில் விநாடிக்கு 1,000 கோடி பிட் ஓடும். பிட் என்றால் 1 அல்லது 0, அவ்வளவுதான். போர்டு செய்யும் முன்பே ஓட்டம் சரிவருமா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது என் பொறுப்பு. சிக்னலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் திரையில் கண் மாதிரி தெரியும். திறந்திருந்தால் பாஸ்!

நான் 1010 என்று மாறி மாறி அனுப்பினேன். ஆஹா, மீன்விழி! ஓ.கே. போட்டேன். போர்டு வந்தது... பிழையோ பிழை. திறந்திருந்தது மேனேஜர் கண் மட்டும்தான். அதுவும் சிவப்பாக!

கோளாறு என்ன? ஆறு நாள் லீவு, நடுவில் ஒரே நாள் ஆபீஸ், மறுநாள் மறுபடி லீவு. அந்த ஒரு நாள் வேலை ஓடுமா, சொல்லுங்க? தடமும் நம்ம கட்சிதான்! ஆறு 0-க்குப் பிறகு வரும் ஒற்றை 1, முழு உயரத்துக்கு எழும்புமுன் அடுத்த 0 வந்து அமுக்கிவிடும். 1010-ல் இந்தச் சிக்கல் தலைகாட்டவே காட்டாது.

“மேல் அடுக்கை மட்டும் பாத்துட்டு கூடைக்கு வெல பேசிட்டியேடா!” என்றார் மாமா.

அடி அடுக்கையும் பார்க்க வழி உண்டு. பெயர் பி.ஆர்.பி.எஸ்.-7. ஏழு பெட்டி. கடைசி இரண்டும் வேறு வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0. அதை முதல் பெட்டியில் தள்ளினால் எல்லாம் ஓரிடம் நகரும். கடைசிப் பெட்டியிலிருந்து வெளியே விழுவதுதான் நம் பிட். 127 பிட்டுக்குள், ஏழு பிட்டில் சாத்தியமான 128 வரிசைகளில் 127 வந்துவிடும். அமெரிக்கக் கணித நிபுணர் சாலமன் கோலம்ப் 1967-ல் இந்த வித்தைக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். 31 பெட்டி வைத்தால் 214 கோடிக்கு மேல் பிட்! நிஜ போர்டில் கால் விநாடிகூட ஆகாது. சிமுலேஷனிலோ முடிவதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிடுவேன்.

ஏழு பெட்டியை ஓட்டினேன். கண் பட்டென்று மூடியது. தப்பு சிக்கியது! 0, 1 மாறும் இடத்தில் மட்டும் கூடுதல் தள்ளு கொடுத்ததும் மறுபடி திறந்தது. திங்கட்கிழமை புது போர்டு வருகிறது. வயிற்றில் புளி!

“அந்த வராத ஒண்ணு எதுடா?”

“ஏழும் 0 மாமா. அப்படி ஆரம்பிச்சா ஆயுசுக்கும் 0தான். ஒரு 1-ஆவது போடணும்.”

“யாவாரமும் அப்படித்தான்... ஒத்த ரூபா மொதலாவது வேணும்ல?” சிரித்தபடி ஒரு கூடையை நீட்டினார். “இந்தா, ஒங்க மேனேஜருக்கு. அடி அடுக்கு வரைக்கும் நல்ல பழம்டா!”