மேகம் மூடிய சம்பா வயல்

காவிரிப் படுகையில் சம்பாப் பயிர் தூர் கட்டும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள்கள் 13 நிறப்பட்டைகளில் பூமியைப் பார்ப்பவை. இலைப் பச்சையின் நுண்ணிய வேறுபாடுகளைக்கூடப் பிரித்தறிபவை. ஆனால் அவை சூரிய ஒளியை நம்பியிருப்பவை. மேகம் மூடிவிட்டால் வயல் தெரியாது.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2014-இல் ஏவிய சென்டினல்-1 வேறு வகை. அது தானே ரேடார் அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. அந்த அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். மேகத்தின் நீர்த்துளிகள் அதைத் தடுக்க முடியாத அளவுக்குச் சிறியவை. இரவிலும் படம் கிடைக்கும். ஒரே செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பிவிடும்.

நெல்லை இனங்காண உதவுவது ஒற்றைப் படமல்ல, அடுத்தடுத்த படங்களின் வரிசை. சேற்றுழவு முடித்துத் தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடிபோல அலையை வேறு திசைக்குத் தள்ளிவிடுவதால் படத்தில் கருப்பாகத் தெரியும். நடவுக்குப் பின் தூர் வெடிக்க வெடிக்க, அலை தண்ணீரிலும் தாளிலும் பட்டுச் செயற்கைக்கோளை நோக்கியே திரும்பும். கருப்பு வெளுக்கத் தொடங்கும். சில வாரங்களுக்குள் இப்படிக் கருத்து வெளுப்பதுதான் நெல்லின் அடையாளம். ஏரி கருப்பாகவே இருக்கும். கரும்பிலும் வாழையிலும் இந்த நீர்க்கருப்பு இருக்காது. எத்தனையோ நிறப்பட்டைகளைவிட இந்த எளிய ஏற்ற இறக்கம் அதிகம் சொல்கிறது என்பது என்னை வியக்க வைக்கிறது.

கடைமடையில் இந்தக் கணக்கு சிக்கலாகிறது. நாகை, திருவாரூர்ப் பக்கம் புழுதியில் நேரடியாக விதைக்கிறார்கள். தொடக்கத்தில் தண்ணீரே நிற்காது. அந்த வயலை நெல்லென்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க, ஜி.பி.எஸ். கருவியோடு வரப்பில் நடந்து, எந்த வயலில் எந்தப் பயிர், எப்படி விதைத்தது என்று ஒருவர் குறித்து வந்தே ஆகவேண்டும். இந்த வேலைக்கு உரிய மதிப்பை நாம் தருவதில்லை. படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். சிறு வயல்களில் வரப்பும் வாய்க்காலும் அதே புள்ளிக்குள் கலந்துவிடும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து ரேடார் வழியே நெற்பரப்பை வரைபடமாக்கியிருக்கிறது. தண்ணீர் வராமல் விதைப்பே நடக்காத ஆண்டில் எந்தெந்தக் கிராமம் தரிசாகக் கிடந்தது என்பதைப் பயிர்க் காப்பீட்டுக்காக விரைந்து காட்ட இத்தகைய வரைபடம் உதவும். விளைந்த நெல் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று சரிபார்க்க மட்டும் இன்னமும் வயலில் இறங்கி, அளந்த பகுதியில் அறுத்து, தூற்றி, எடை போட்டாக வேண்டும்.