வெட்டி இணைத்தல் பிழையும் இரத்தப் புற்றுநோயும்

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை அறிக்கையில் ‘எஸ்எஃப்3பி1 மரபணு மாற்றம் உள்ளது’ என்ற வரியைக் கண்டதும், பிள்ளைகளுக்கும் இந்நோய் வருமோ என்றே பலரும் முதலில் அஞ்சுகின்றனர். இம்மாற்றம் பரம்பரையாக வருவதன்று. பெரும்பாலும் முதுமையில், மஜ்ஜையிலுள்ள ஒரு குருத்தணுவில் புதிதாகத் தோன்றி, அதன் வழிவரும் அணுக்களில் மட்டுமே பரவுகிறது.

மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வில், புரதம் செய்வதற்கான பகுதிகளுக்கு இடையே தேவையற்ற பகுதிகளும் இருக்கும். அவற்றை வெட்டி நீக்கி, எஞ்சியவற்றை இணைக்கும் பணியே ‘ஸ்பிளைசிங்’ எனப்படுகிறது. வெட்டும் இடம் சற்றே விலகினாலும் செய்தி மாறிவிடும்; ‘பலகை’ என்பதைப் ‘பல கை’ எனப் பிரிப்பது போன்றது இது.

மஜ்ஜையில் இரத்த அணுக்கள் சரிவர முதிர்ச்சியடையாத மைலோடிஸ்பிளாஸ்டிக் நோயில் இப்பிழை மிகுதி என்பது 2011-இல் தெரியவந்தது. இந்நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் எஸ்எஃப்3பி1, எஸ்ஆர்எஸ்எஃப்2, யு2ஏஎஃப்1, இசட்ஆர்எஸ்ஆர்2 ஆகிய மரபணுக்களுள் ஒன்றில் மாற்றம் காணப்படுகிறது.

எஸ்எஃப்3பி1 மாறும்போது, இரும்பைக் கையாள உதவும் ஏபிசிபி7 என்னும் புரதம் குறைகிறது. இதனால் இரும்பு பயன்படாமல், வளரும் சிவப்பணுவின் உட்கருவைச் சுற்றி வளையமாகத் தேங்குகிறது. மஜ்ஜை ஓயாது உழைத்தும் இரத்தசோகை தீர்வதில்லை. ஆகவே, சோகைதானே என்று இரும்புச்சத்து மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளுதல் கூடாது. அடிக்கடி இரத்தம் ஏற்றுவதாலும் உடலில் இரும்பு சேரும்.

மைலோடிஸ்பிளாஸ்டிக் நோயில் எஸ்எஃப்3பி1 மாற்றம் பொதுவாக நற்குறி. கடும் இரத்தப் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு குறைவு. எஸ்ஆர்எஸ்எஃப்2, யு2ஏஎஃப்1 மாற்றங்களில் அவ்வாய்ப்பு கூடுதல். ஆனால், நாட்பட்ட லிம்ஃபோசைட்டிக் இரத்தப் புற்றுநோயில் அதே எஸ்எஃப்3பி1 மாற்றம் பாதகமான குறியாகக் கருதப்படுகிறது. எனவே, மரபணுவின் பெயரை மட்டும் கொண்டு பிறருடைய அறிக்கையோடு ஒப்பிடுதல் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

லஸ்பாடெர்செப்ட் என்னும் ஊசிமருந்து, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை தோலடியில் செலுத்தப்படுகிறது. அது வெட்டுப்பிழையைத் திருத்துவதில்லை. சிவப்பணுக்கள் முதிர உதவி, இரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்கிறது. வெட்டுப்பிழையையே குறிவைக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையில் உள்ளன. நோயை முற்றிலும் நீக்கவல்லது குருத்தணு மாற்று சிகிச்சையே. ஆயினும் வயதும் உடல்நிலையும் கருதி, அது சிலருக்கே பொருந்தும்.

சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல், ஈறுகளில் இரத்தக்கசிவு, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனையை அணுகவும்.