கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் புற்றுக்கட்டி

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமத்தார் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் செல்லக்கூடிய இடங்களுள் ஒன்று, திருவனந்தபுரத்தில் 1981-இல் நிறுவப்பெற்ற வட்டாரப் புற்றுநோய் மையமாகும். நோயாளியின் கட்டியினின்று சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது வழக்கமென்பதை வெளிக்கள ஊழியர் அறிவர். அத்தகைய துணுக்கின் செல்களை உடலுக்கு வெளியே உருண்டையாக வளர்த்து, அதன்மீது மருந்துகளைப் பரீட்சித்தலும் இன்று உலகின் பல ஆராய்ச்சிச் சாலைகளில் நடைபெறுகின்றது.

உருண்டையாக வளர்ப்பானேன்? தட்டையான கிண்ணத்தில் புற்றுச் செல்கள் ஒரே அடுக்காய்ப் பரவுகின்றன; பிராணவாயுவும் மருந்தும் ஒவ்வொன்றையும் எளிதில் எட்டுகின்றன. உடலிலுள்ள கட்டியோ அவ்வாறன்று. பெரிய கொழுக்கட்டை மேலே வெந்தும் நடுவே மாவாகவே இருப்பதை நாம் கண்டதில்லையா? இங்கிலாந்தில் தாம்லின்சன், கிரே ஆகிய இருவரும் நுரையீரல் புற்றினை ஆராய்ந்து, இரத்தக் குழாய்களினின்று சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் செல்கள் மடிந்து கிடப்பதை 1955-இல் எடுத்துக்காட்டினர். மடிந்தவற்றிற்கு அருகே, பிராணவாயு குன்றி, அரை உயிராய்க் கிடக்கும் செல்களே கதிர்ச் சிகிச்சைக்கு எளிதில் பணியாதவை. கிண்ணத்தில் வெற்றி கண்ட மருந்து நோயாளியிடம் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1970-ஐ ஒட்டிக் கனடாவில் சதர்லண்டு குழுவினர் ஹாம்ஸ்டர் எலியின் செல்களை உருண்டைகளாக வளர்த்து, கட்டியின் இவ்வியல்பை ஆய்வுச்சாலையிலேயே தோற்றுவித்தனர்.

செய்முறை எளியதே. செல்கள் கலந்த ஊட்டத் திரவத்தைக் கிண்ண மூடியின் உட்புறத்தில் துளிகளாக இட்டு, மூடியைக் கவிழ்த்து வைத்தால், செல்கள் துளியின் அடியில் இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அல்லது கிண்ணத்தின் அடியில் கடற்பாசியினின்று பெறும் அகாரைப் பூசலாம். தரையில் ஒட்ட இடமின்மையால் செல்கள் தம்முள் திரளும். 2009-இல் நெதர்லாந்தில் சாட்டோ, கிளெவர்ஸ் முதலியோர் எலிக்குடலின் ஒரே மூலச் செல்லினின்று குடலையொத்த நுண்ணுறுப்பை வளர்த்தனர். அதன் பின்னரே நோயாளிகளின் கட்டிகளையும் இம்முறையில் வளர்ப்பது பரவலாயிற்று.

ஆயினும், எளிய உருண்டைகளில் இரத்தக் குழாய்களில்லை, நோயெதிர்ப்புச் செல்களுமில்லை. நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கவும் அவை உதவா. அதற்கு வாயைத் திறக்கச் செய்து பார்க்கும் ஊழியரின் கண்ணே வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துத் தொகுதிகளில் 1996-இல் தொடங்கிய ஆய்வின் முடிவு 2005-இல் வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழகியவரிடையே, அவ்வாறு பரிசோதிக்கப்பட்ட தொகுதிகளில் வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது.

இனி ஒரு செய்தி, ஆசிரியர்களுக்கும் உரியது. 1951-இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் பெண்மணியின் கட்டியினின்று எடுத்த செல்கள் இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. அன்று அவருடைய இசைவை எவரும் கேட்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஆராய்ச்சியின் விவரத்தை அவரவருக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின்னரே இசைவு பெறவேண்டும். இசைந்தவர் பின்னர் விலகிக்கொள்ளவும் உரிமையுண்டு. எல்லைக் கிராமத்தில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூதாட்டி ஒருவர் மலையாளப் படிவத்துடன் பள்ளி வாயிலில் வந்து நின்றால், அதனைப் படித்துச் சொல்வதோடு, துணுக்கு சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா என்பதையும் மருத்துவரிடம் கேட்டறியுமாறு அவரிடம் கூறுக.