முன்னேற்றத்தை அளக்கும் கோல்

நெய்த துணியை மீட்டரில் அளக்கிறோம். மானாவாரி நிலத்தில் விளைந்த உளுந்தை எடையிட்டு அறிகிறோம். ஆனால் ஒரு தேசத்து மக்கள் முன்னேறியுள்ளனரா என்பதை எந்தக் கோல் கொண்டு அளப்பது?

நெடுங்காலமாக, தேசிய வருமானத்தை ஜனத்தொகையால் வகுத்து வந்த தொகையே அளவுகோலாக இருந்தது. அவ்வருமானத்தால் மக்கள் நீண்ட நாள் வாழ்ந்தனரா, கல்வி பெற்றனரா என்பதை அக்கணக்கு கூறாது. இக்குறையை நீக்கும் பொருட்டு, பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹபூப் உல் ஹக்கின் முயற்சியால், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990-இல் மனித மேம்பாட்டுக் குறியீட்டெண்ணை வெளியிட்டது. நம் நாட்டு அமர்த்தியா சென் அதற்குத் துணை நின்றார்.

இக்கோலுக்கு மூன்று அளவுகள் உண்டு. முதலாவது ஆயுள். இரண்டாவது கல்வி: பெரியவர்கள் சராசரியாகப் படித்த ஆண்டுகளும், இன்று பள்ளி சேரும் குழந்தை படிக்கக்கூடிய ஆண்டுகளும் சேர்த்து எண்ணப்படும். மூன்றாவது, விலைவாசி வேற்றுமை நீக்கிய தலா வருமானம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் இடப்படும்.

2010 முதல், மூன்றையும் கூட்டாமல் ஒன்றோடொன்று பெருக்கிக் கனமூலம் காண்கின்றனர். காரணம் யாதெனில், ஒரு நாடு 0.9, 0.9, 0.3 எனப் பெற்றால் கூட்டுச் சராசரி 0.7 ஆகும், பெருக்கல் முறையிலோ 0.62 தான். பாவு உறுதியாக இருப்பதனால் நைந்த ஊடை நல்ல துணி ஆகிவிடாது அன்றோ!

2023-ஆம் ஆண்டுக்கான கணக்கு 2025-இல் வெளியாயிற்று. 193 நாடுகளுள் இந்தியா 0.685 பெற்று 130-ஆம் இடத்திலும், இலங்கை 0.776 பெற்று 89-ஆம் இடத்திலும் நின்றன. இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி நிலவியதை இங்கு நினைவுகூர்தல் தகும். இந்தியரில் பெரியவர்கள் படித்தது சராசரி 6.9 ஆண்டுகள், குழந்தைகள் படிக்கக்கூடியதோ 13 ஆண்டுகள். காமராஜர் ஆட்சியில் 1956-இல் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்த மதிய உணவு, தமிழகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த பெருங்காரணங்களுள் ஒன்று.

எனினும் சராசரி என்பது பலவற்றை மறைக்கும். ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டால், இந்தியாவின் எண்ணில் நூற்றுக்கு 31 பங்கு அளவு குறைந்துவிடுகிறது. நம் மேலநீலிதநல்லூர் 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தாமிரபரணிப் பாசன வயலும் நம் வானம் பார்த்த பூமியும் ஒரே சராசரியில் அடங்கின. அவ்வாண்டு தென்காசி மாவட்டம் அமைந்த பின்னரும், மலையடிவாரத்து ஊர்களும் நம் ஊரும் ஒரே கணக்கில்தான் வருகின்றன.

ஆகவே, நம் கணக்கை நாமே எடுத்தல் வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உற்பத்தி, கடன், இலாப ஈவு ஆகியவற்றைப் படிக்கிறோம். அவற்றோடு, அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுள் பள்ளியை விட்டு நின்றவர் எத்தனை பேர், பிரசவத்திலும் நோயிலும் தக்க சிகிச்சை பெறாதவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் படிப்போமாக. தார் சுற்ற ஒரு பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்தினால், இவ்வாண்டு கூலி சிறிது உயரலாம்; வருமானக் கணக்கு அதை இலாபம் என்றே எழுதும். அக்குடும்பம் இழந்தது யாது என்பதைக் காட்டுவது இப்புதிய கோலே.