28 நாள்... 28 கிலோ!

'முப்பதே நாளில் முறுக்கேறிய உடம்பு' என்று எங்காவது விளம்பரம் பார்த்தால் எனக்கு ஆர்தர் ஜோன்ஸ் ஞாபகம்தான் வரும். இந்த ரக விளம்பரங்களுக்கெல்லாம் அவர் தாத்தா. ஒரே வித்தியாசம், தாத்தாவிடம் சரக்கு இருந்தது!

1926-ல் அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேருமே டாக்டர்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தைக்கூட முடிக்கவில்லை. சின்ன வயசிலேயே வீட்டை விட்டு ஓடினார். விமானம் ஓட்டினார். முதலையும் பாம்பும் பிடித்து விற்றார். காட்டு மிருகங்களை வைத்து டி.வி. படம் எடுத்தார். ஆறு கல்யாணம் செய்துகொண்டார். 1984-ல் ஜிம்பாப்வேயில் கொல்லப்பட இருந்த குட்டி யானைகளை விமானத்தில் ஏற்றி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுவந்தார். எத்தனை தெரியுமோ? 63. மயிலாப்பூர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம்!

இவருக்கும் பாடி பில்டிங்குக்கும் என்ன சம்பந்தம்?

ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த எந்தப் பையனைக் கேட்டாலும் புலம்புவான்: "புல்-அப்ஸ் எடுத்தா முதுகு விரியும்னு மாஸ்டர் சொல்றாரு சார். எனக்கு என்னமோ கைதான் விட்டுப் போகுது." இதே புலம்பல்தான் ஜோன்ஸுக்கும். முதுகுத் தசை பெரியது, கைத் தசை சின்னது. சின்னவன் முதலில் களைத்துவிடுவதால் பெரியவனுக்குச் சரியான வேலையே கிடைப்பதில்லை. கையை ஆட்டத்திலிருந்து விலக்கிவிட்டால்?

முழங்கையாலேயே தள்ளுகிற மாதிரி ஒரு மெஷின் செய்தார். சாதாரணக் கப்பி, கிணற்று ராட்டினம் மாதிரி வட்டமாக இருக்கும். கடைசி வரை ஒரே இழுவை. மனிதக் கைக்கோ ஒரு கோணத்தில் பலம் அதிகம், இன்னொன்றில் குறைவு. அதனால் கப்பியைக் கோணல்மாணலாக்கினார். பலம் உள்ள இடத்தில் கனம் கூடும், இல்லாத இடத்தில் குறையும். அந்தக் கோணல் சக்கரம் 'நாட்டிலஸ்' என்கிற கடல் பிராணியின் சுருள் ஓடு மாதிரி இருந்ததால் மெஷினுக்கும் கம்பெனிக்கும் அதே பெயர். 1970-ல் அதை வெளியுலகத்துக்குக் காட்டினார். எஞ்சினீயரிங் காலேஜ் பக்கம் ஒதுங்காத ஆசாமி!

அடுத்து அவர் சொன்னதுதான் பெரிய கலாட்டா. ஒரு பயிற்சிக்கு ஒரே ஒரு செட் போதும். ஆனால், 'இனி ஒரு தடவைகூட முடியாது' என்கிற வரை செய்ய வேண்டும். அரை மணியில் வீட்டுக்குக் கிளம்பு. வாரம் மூன்று நாள் போதும். புரோட்டீன் பவுடர் வாங்குவது தண்டச் செலவு. தினமும் இரண்டு மணி நேரம் இரும்பு தூக்கியவர்களுக்கும், பவுடர் விற்ற பத்திரிகை முதலாளிகளுக்கும் எப்படி இருந்திருக்கும்!

நிரூபிக்கிறேன் பேர்வழி என்று 1973 மே மாதம் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை நடத்தினார். ஆள், கேஸி வியாட்டர். 28 நாளில் 14 தடவை பயிற்சி. எடை 75 கிலோ சொச்சத்திலிருந்து 96-ஐத் தாண்டியது. கொழுப்பு எட்டு கிலோ குறைந்ததாம். ஆகவே, ஏறிய தசை 63 பவுண்டு, அதாவது 28 கிலோவுக்கும் மேலே!

ஆஹா என்று கை தட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். இந்த வியாட்டர் தெருவில் போன ஒல்லிப்பிச்சான் இல்லை. 1971-ல் பத்தொன்பது வயசிலேயே 'மிஸ்டர் அமெரிக்கா' ஆனவர். பரிசோதனைக்குச் சில மாதம் முன்பு விபத்தில் விரல் போய், அப்போது போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல், உடம்பு இளைத்துக் கிடந்தார். புதுத் தசையைச் சம்பாதிப்பது வேறு, தொலைத்ததை மீட்பது வேறு. இரண்டாவது ரொம்பச் சுலபம். போதாக்குறைக்கு, பரிசோதனை நடத்தியவரே மெஷின் விற்கிற முதலாளி. ஓட்டையே போடாமல் எண்ணுகிறவரே வேட்பாளர் என்கிற மாதிரி! எனக்கு அந்த 28 கிலோ கணக்கில் துளியும் நம்பிக்கை இல்லை.

அதற்காக ஆளையே தூக்கிப் போட முடியாது. மைக் மென்ட்ஸர் இவர் வழியில் வந்தவர். 1992-லிருந்து 1997 வரை வரிசையாக ஆறு 'மிஸ்டர் ஒலிம்பியா' ஜெயித்த டோரியன் யேட்ஸும் இந்தப் பள்ளியில் பாடம் கேட்டவரே. மகன் கேரி ஜோன்ஸ் ஆரம்பித்த 'ஹேமர் ஸ்ட்ரெங்த்' மெஷின்கள் இன்று உலகமெங்கும் இருக்கின்றன. 1986-ல் நாட்டிலஸை விற்றுவிட்டு, இடுப்புக்கு மேலே முதுகுத் தசையை மட்டும் தனியாகப் பலப்படுத்துகிற 'மெட்எக்ஸ்' மெஷினில் இறங்கினார். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து 'அம்மாடி' என்று எழுந்திருக்கிற நம் ஜாதிக்காக! 2007-ல் காலமானார்.

பிற்கால ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? பாதி ஜோன்ஸ் கட்சி, பாதி எதிர்க்கட்சி. தசை நிறைய வளர வேண்டுமானால் ஒரு செட் போதாது, பல செட் வேண்டும். ஆனால், புதுசாக ஆரம்பிக்கிறவனுக்கு ஒழுங்காகச் செய்த ஒரு செட்டே நல்ல பலன் தரும். ஆபீஸ், பஸ், ஓவர்டைம் என்று அலைகிறவர்களுக்கு இது சாதாரண விஷயமா? "டயமே இல்ல சார்" என்கிற சாக்கை ஐம்பது வருஷத்துக்கு முன்பே பிடுங்கிப் போட்டுவிட்டார் மனுஷன்.

எனக்கு வருத்தம் ஒன்றுதான். 'வாரம் மூன்று நாள், அரை மணி, முழு மூச்சு' என்கிற உண்மையை அவரிடமிருந்து யாரும் திருடவில்லை. '28 நாளில் 28 கிலோ' என்கிற ஜாலத்தைத்தான் ஆளாளுக்குத் திருடினார்கள். அதை நம்பி முதல் மாசச் சம்பளத்தை டப்பாவிலும், அதற்கு மேலே போய் ஊசியிலும் கொட்டுகிற பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். டப்பாவோடு போனால் பர்ஸுக்குத்தான் சேதம். ஊசி, இதயத்தையும் கல்லீரலையும் கேட்கும்.

அடுத்த தடவை யாராவது 'முன்பு, பின்பு' என்று இரண்டு போட்டோ காட்டினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், முன்புக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?"